ஞானப்பூவுக்காக நான் சொன்ன சாட்சி

பிள்ளைகளே, நீங்கள் இந்த மாதம்தான் நர்ஸ் உடுப்புப் போட்டிருக்கிறீர்கள். மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு இப்போது புத்தகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, என்னைவிடக் கண்டிப்பான ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் செய்த தப்புகள் நிறைய உண்டு. மற்றவை மறந்துபோனால் எனக்கு நஷ்டமில்லை. இது மட்டும் என்னோடு போய்விடக் கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். நாகர்கோவிலுக்கு மேற்கே மிஷன் நடத்திய ஒரு சின்னப் பெண்கள் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அப்போதிருந்த தலைமை நர்ஸ் காய்ச்சலோடு வார்டு சுற்றுவார். சுற்றியதைச் சொல்லியும் காட்டுவார். “களைப்பா இருக்குண்ணு சொல்லாதுங்கோ புள்ளைகளே. களைப்பு வருகுதுண்ணா ஜெபம் கொறைஞ்சு போச்சுண்ணு அர்த்தம்” என்பார். நல்ல மனுஷி. கை அவ்வளவு சுத்தம். எனக்குத் தெரிந்த தொழிலில் பாதி அவர் தந்ததுதான். ஆனால் இந்த ஒரு பாடம் தப்பு. அது தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுப் போய், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

என் கீழே எட்டு நர்ஸுகள். அதில் ஒருத்தி ஞானப்பூ. அருமனைப் பக்கத்துப் பெண். வயது இருபத்து மூன்றோ நான்கோ. வேலையில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் மாமியார்மார் செம்பை ஒளித்து வைப்பார்கள். ஞானப்பூ கட்டிலுக்கு அடியில் குனிந்து செம்பைத் தேடி எடுப்பாள். “ஏன் அம்மச்சி, வெள்ளம் குடுக்காம இவளக் காயவச்சுக் கருவாடா விக்கப் போறியளா?” என்று வார்டு அதிரக் கேட்பாள். நோயில் கிடக்கிற தீனக்காரிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். தையல் பிரிந்துவிடுமே என்று எனக்குப் பயமாக இருக்கும். வாரத்துக்கு ஒரு புகாராவது அவள்மேல் வரும். நானும் வாரத்துக்கு ஒரு தடவை அவளைக் கூப்பிட்டு ஏசுவேன். “இனி செய்யமாட்டேன் அக்கா” என்று போவாள். வாசல் தாண்டுமுன் அடுத்த சண்டை தொடங்கிவிடும்.

ஒரு வருஷம் மழை விட்டதும் மலையடிவார ஊர்களில் காய்ச்சல் பரவியது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், வண்டியில் வந்தார்கள், நடந்தும் வந்தார்கள். கட்டில் போதாமல் பாய் விரித்தோம். அந்த நேரம் பார்த்து எங்களில் இரண்டு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிக் கொல்லத்துக்குப் போனாள். எட்டுப் பேர் வேலையை ஐந்து பேர் இழுத்தோம். லீவு யாருக்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பவளின் முகத்தை நான் பார்க்கிற பார்வையிலேயே அவள் பாதி லீவை விட்டுக்கொடுத்துவிடுவாள். ஞானப்பூ கேட்கவே இல்லை. அவள் கடைசியாக வீட்டுக்குப் போனது மழைக்கும் முன்பு, மாசியில். அறுப்பின் பண்டிகைக்குப் போகவில்லை. கிறிஸ்மஸுக்குப் போகவில்லை. ஊரிலிருந்து ஆள்மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார்கள். “சோலி இருக்கு, பெறவு வாறேன்” என்று பதில் போயிற்று.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை தொடங்குமுன் தினமும் காலையில் ஜெபம் நடக்கும். சனிக்கிழமைகளில் சாட்சி சொல்வோம். அந்த வாரம் கடவுள் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். கிறிஸ்மஸ் கழிந்த சனிக்கிழமை நான் எழுந்தேன். “பத்து மாசமாக ஞானப்பூ வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பண்டிகையையும் தீனக்காரர்களுக்காகக் கொடுத்துவிட்டாள். இப்படி ஒரு பிள்ளையைத் தந்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா திரும்பி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாள் போதகர் அதைப் பிரசங்கத்திலும் சேர்த்துவிட்டார். அடுத்த வாரமே அருமனை சபை வரைக்கும் செய்தி போய்விட்டது.

மனதாரத்தான் சொன்னேன். ஒரு பிள்ளையை மெச்சுவதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நீங்களும் நினைப்பீர்கள். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு நர்ஸ், அண்ணனுக்குக் கல்யாணம் வைத்திருந்தவள், என் அறை வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். எதற்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

பிறகு வார்டு அமைதியாயிற்று. எனக்கு அதில் சந்தோஷம். ஞானப்பூமேல் புகார் வருவது நின்றது. மாமியார்கள் செம்பை ஒளித்தால் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போவாள். கட்டில் விரிப்பில் சுருக்கம் இருக்காது. காய்ச்சல் எழுதும் தாளில் ஒரு நேரம் விட்டுப்போகாது. பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று டாக்டரம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன்.

ஒருநாள் காலை பஸ்ஸில் அவள் அம்மா வந்தார். டின் நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். ஞானப்பூ வராந்தாவில் நின்றபடியே நாலு வார்த்தை பேசினாள். டின்னை வாங்கி, மூடிகூடத் திறக்காமல், வார்டு பெருக்குகிறவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அந்தத் தாய் மத்தியான பஸ் வரும்வரை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனேன். பெற்ற தாய் வந்தாலும் நேரத்தை வீணாக்காத பிள்ளை என்று எனக்குத் தோன்றியது. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மாசி மாதம், மணவாளக்குறிச்சியிலிருந்து ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்கு வந்தாள். புருஷன் அங்கே மணல் கம்பெனியில் கூலி. அய்யாவழிக் குடும்பம். கூட வந்த மாமியார் நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம் இட்டிருந்தார். எதற்கெடுத்தாலும், சாமி துணை என்பதுபோல, “அய்யா உண்டு” என்பார். தலைப்பிள்ளை, ஆண் பிள்ளை, சுகப்பேறு. மூன்றாம் நாள் நான் என் அறையில் மருந்துச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அந்த மாமியார் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்தார்.

“பெரிய நர்ஸம்மா, நான் கொறை சொல்ல வரல்ல கேட்டியளா. அந்தப் புள்ளை தங்கமான புள்ளையாக்கும். மொகம் சுளிக்கல்ல, கோவப்படல்ல. ஆனா அவ என் மருமவளப் பாக்கா, காணல்ல.”

“என்ன சொல்லுதிய?”

“காலத்தே விடிஞ்சதுல இருந்து சொல்லுதேன், இவளுக்கு ஒடம்பு கொதிக்குது, நேத்துப் போல இல்லைண்ணு. எழுதியிருக்கேன் அம்மச்சிண்ணு சொல்லிட்டுப் போறா. இப்போ கிடந்து வெறைக்குகா. நீங்க வந்து ஒண்ணு பாருங்க.”

ஓடினேன். அந்தப் பெண் கட்டில் குலுங்க நடுங்கிக்கொண்டிருந்தாள். கண் செருகியிருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நாள் வருகிற அந்தக் காய்ச்சலுக்கு அப்போது எங்களிடம் மருந்து கிடையாது. இப்போது ஊசி இருக்கிறது. அன்று சீக்கிரம் கண்டுகொண்டால் பாதி நம்பிக்கை, தாமதித்தால் அதுவும் இல்லை. கால்மாட்டில் தாள் தொங்கியது. காலை ஆறு மணிக்குத் தொண்ணூற்றொன்பது. எட்டுக்கு நூறு. பத்துக்கு நூற்றொன்றரை. பன்னிரண்டுக்கு நூற்றுமூன்று. எல்லாம் ஞானப்பூவின் முத்து முத்தான கையெழுத்து. ஒரு பிழை இல்லை. ஒருவரிடமும் அவள் சொல்லவும் இல்லை.

அன்று இருட்டும்வரை டாக்டரம்மாவும் நானும் அந்தக் கட்டிலை விட்டு அசையவில்லை. என்ன செய்தோம் என்பது வேண்டாம். கை கழுவ வெளியே வந்தபோது டாக்டரம்மா அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் சீமையிலிருந்து வந்தவர். வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர். கோபத்திலும் அந்தத் தமிழ்தான் வரும்.

“இந்த ஸ்திரீ மரித்தால் யார் கணக்கு ஒப்புவிப்பது? பார்த்தாள், எழுதினாள், சும்மா இருந்தாள். இவளுக்கு இருதயம் இல்லை. நாளை ஜெபம் முடிந்ததும் இவள் நாமத்தை நான் புத்தகத்தில் இருந்து எடுத்துப்போடுவேன்.”

பெயரை எடுத்தால் எடுத்ததுதான். நன்னடத்தைக் கடிதம் கிடைக்காது. திருவிதாங்கூரில் வேறு ஆஸ்பத்திரி எதுவும் வாசலில்கூட நிறுத்தாது. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவள் அவள்தான்.

துணி அடுக்கும் அறையில் ஞானப்பூ விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“எட்டி, ஏன் யாருட்டயும் சொல்லல்ல?”

“எழுதியிருக்கேன் அக்கா.”

“எழுதினதக் கேக்கல்ல. நூற்றுமூணு பாத்த பெறவும் நீ ஏன் என்னக் கூப்பிடல்ல?”

மடிப்பதை நிறுத்தினாள். “தெரியல்ல அக்கா. கையப் பிடிச்சேன், சூடா இருந்துது. சூடுண்ணு எழுதினேன். மின்னெல்லாம் ஒரு ஆளுக்குச் சூடுண்ணா எனக்கு வயித்துக்குள்ள ஒண்ணு புடிக்கும். இப்போ அது வரல்ல. கொஞ்ச நாளாவே வரல்ல.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அம்மை வந்தப்பளும் வரல்ல.”

அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. ரேஷன் பட்டியல் படிப்பது மாதிரிச் சொன்னாள்.

“இவ்வளவு முடியாமப் போச்சுண்ணா ஒரு லீவு கேக்கப்பிடாதா மக்ளே?”

“நீங்க சாட்சி சொன்னியளே அக்கா.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று விளங்காத பார்வை. “அத்தனை பேரும் ஆமென் சொன்னாவ. அதுக்குப் பெறவு நான் எப்பிடிக் கேப்பேன்?”

அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை முறை எழுதும் நோட்டு என் கையில். பத்து மாதம், பன்னிரண்டு மாதம் என்று அவள் பெயரை அதில் எழுதிக்கொண்டே போனவள் நான். டாக்டரம்மா அந்த நோட்டைக் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் அந்தப் பெண்ணின் கவனக்குறைவு என்று முடிந்துவிடும். என் பேர் கெடாது. ஒரு தலைமை நர்ஸுக்குப் பேர்தான் எல்லாம். ஒரு நாழிகை நேரம் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை இல்லை. சாட்சிக்கு நேரமும் இல்லை. பாட்டு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

“கிறிஸ்மஸ் கழிந்து இங்கே நின்று நான் ஒரு சாட்சி சொன்னேன். அது தப்பான சாட்சி. ஒரு பிள்ளை ஒடிகிறதை நான் பார்த்துக்கொண்டு நின்று, அதற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நேற்றைக்கு நடந்ததற்கு ஞானப்பூ பேரை எடுப்பதானால் அதற்கு மேலே என் பேர் இருக்கிறது. வேலை முறை நோட்டு இதோ.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. நோட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மடியில் வைத்தேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதிலே என் கையொப்பமும் மாதந்தோறும் இருக்கிறது” என்றார். பிறகு ஞானப்பூவைப் பார்த்து, “நீ வீட்டுக்குப் போ. இரண்டு மாதம். இது தண்டனை அல்ல” என்றார்.

ஞானப்பூ முதல் பஸ்ஸில் போனாள். அவள் அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அதில் என் தப்பையும் எழுதினேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஓய்வு கொடுப்பது என்று முடிவு செய்தால் அதற்கு யாராவது விலை கொடுத்தாக வேண்டும். நாங்கள் ஆறு கட்டிலை மூடினோம். வந்தவர்களை வாசலில் நிறுத்தி, இங்கே இடமில்லை, வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வில்வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் என்னை ஏசினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. என்றாலும், களைத்து மரத்துப்போன கையில் ஒரு உயிரைக் கொடுப்பதைவிட அது நேர்மையான வேலை.

அதன் பிறகு எங்கள் இடத்தில் லீவு கேட்கிற வழக்கத்தை எடுத்துவிட்டேன். யார் யாருக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த நாளில் போகாமல் நிற்கிறவளைத்தான் ஏசுவேன். லீவு எடுக்காததற்காக ஒருத்தியையும் மெச்சியதில்லை. நீங்களும் நாளைக்குத் தலைமை நர்ஸ் ஆவீர்கள். சோர்ந்துபோனவள் அழுதுகொண்டு வருவாள் என்று காத்திருக்காதீர்கள். அழுகிறவளுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. பேசுகிறவள் பேச்சை நிறுத்தினால், கோபக்காரி திடீரென்று சாதுவானால், பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வாள். ‘கடைசியா என்னைக்கு வீட்டுக்குப் போனே?’ என்று கேளுங்கள்.

அந்த மணவாளக்குறிச்சிக்காரி இருபது நாள் கிடந்து பிழைத்தாள். பால் வற்றிவிட்டது, பக்கத்துக் கட்டில்காரி தன் பிள்ளையோடு அதற்கும் பால் கொடுத்தாள். வண்டி ஏறும்போது மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு “அய்யா உண்டு” என்றார். எனக்கு அடுத்த வேலை இருந்தது. சரி சரி என்று அனுப்பிவிட்டேன்.

ஞானப்பூ திரும்ப வேலைக்கு வந்தது இரண்டு மாதத்தில் அல்ல, ஆறு மாதம் கழித்து. அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டு மாதம் தீர்ந்த அன்று, அவளைக் கூட்டிவர டாக்டரம்மாவின் உத்தரவோடு நான் அருமனைக்குப் போனேன். தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் நின்ற ஒரு விளைத்தோட்டம், அதன் நடுவில் ஓலைவீடு. ஞானப்பூ பின்பக்கம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னை முன்பக்கத்திலேயே மறித்து உட்காரவைத்தார்.

“அக்கா, வந்தாப்புல ஒரு மாசம் ஒறங்கினா. தின்பா, ஒறங்குவா. எனக்குப் பேடியாப் போச்சு, பயந்துட்டேன். நேத்துத்தான், ஆடு அவிய அப்பாவ இடிச்சு வெள்ளத்துல தள்ளினதப் பாத்து ஒரு சிரி சிரிச்சா. நேத்துத்தான் அக்கா. இப்போ கூட்டிட்டுப் போவாண்டாம்.”

உத்தரவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கிழங்கும் மீன் குழம்பும் தந்தார்கள், சாப்பிட்டேன். ஞானப்பூ எதிரே உட்கார்ந்து எனக்குக் குழம்பு ஊற்றினாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அதிகம் பேசவில்லை. நான் கை கழுவி எழுந்தபோது அவளாகவே கேட்டாள்.

“அக்கா, அந்த மணவாளக்குறிச்சிக்காரி புள்ளைக்கு என்ன பேரு போட்டாவ?”

எனக்குத் தெரியவில்லை. இருபது நாள் என் கண்முன்னால் கிடந்த பிள்ளை. எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறேன், எடை பார்த்து எழுதியிருக்கிறேன். அதற்கு ஒரு பேர் இருக்கும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. நான் கடைசியாக வீட்டுக்குப் போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. சுவரில் ஒட்டிய லீவுத் தாளில் என் பேரை நான் எழுதவே இல்லை.

“தெரியாது மக்ளே” என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து என் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் இருந்துட்டுப் போங்க அக்கா” என்றாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் போய் எனக்கு லீவு கேட்டேன். அந்த லீவின் முதல் நாள், பிள்ளையின் பேரைக் கேட்க மணவாளக்குறிச்சிக்குப் போனேன்.